பழைய எஞ்சினில் டர்போசார்ஜர் பொருத்துகையில் எரிபொருள் வழங்கல்

டர்போசார்ஜர் இல்லாமல் வடிவமைக்கப்பட்ட ஒரு பெட்ரோல் எஞ்சினில் பின்னாளில் டர்போசார்ஜர் சேர்க்கப்படும்போது, கூடுதலாக உட்செல்லும் காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருளை உரிய நேரத்தில் கிடைக்கச் செய்யும் வழிமுறைகள் எரிபொருள் வழங்கல் மேலாண்மை எனப்படும். டர்போசார்ஜர் என்பது எஞ்சினின் கழிவு வளிமத்தால் சுழலும் ஒரு சுழலியையும், அதே தண்டில் இணைந்து காற்றை அமுக்கும் ஓர் அமுக்கியையும் கொண்ட கருவியாகும். இக்கருவி காற்றை மட்டுமே கூட்டித் தருகிறது, எரிபொருளைக் கூட்டுவதில்லை. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் இது உருவாக்கும் அழுத்தம் மிகையழுத்தம் அல்லது பூஸ்ட் எனப்படுகிறது.

பழைய எஞ்சினின் கார்புரேட்டரோ எரிபொருள் உட்செலுத்தல் அமைப்போ மிகையழுத்தம் என்ற ஒன்றைக் கருதி அமைக்கப்பட்டதன்று. ஆகவே இம்மாற்றத்தில் இரு கேள்விகள் எழுகின்றன. தேவையான உச்ச அளவு எரிபொருளைப் பம்பும் குழாய்களும் இன்ஜெக்டர்களும் தர இயலுமா என்பது முதலாவது. எந்த நொடியில் எவ்வளவு தரவேண்டும் என்பதை எது அளந்து முடிவு செய்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது; பெரிய பம்பை வாங்கிப் பொருத்தினால் போதும். எஞ்சின்கள் பெரும்பாலும் பழுதடைவது இரண்டாவது கேள்வி கவனிக்கப்படாமையாலேயே ஆகும்.

காற்று-எரிபொருள் விகிதம்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. இவ்விகிதத்தைவிட எரிபொருள் மிகுந்திருப்பது செறிந்த கலவை எனவும், குறைந்திருப்பது மெலிந்த கலவை எனவும் அழைக்கப்படும். டர்போசார்ஜர் இல்லாத எஞ்சின் முழுத் திறனில் இயங்கும்போது பொதுவாக 12.5 முதல் 13 வரையிலான விகிதம் கையாளப்படுகிறது. டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் எஞ்சின்களுக்கு 11.5 முதல் 12 வரை வைப்பது வழக்கம்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண்கள் மாறும். தூய எத்தனால் எரிய அதன் எடையைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு காற்றே போதும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு முழு எரிதல் விகிதம் ஏறத்தாழ 13.5 ஆகிறது. தூய பெட்ரோலுக்கென அளவிடப்பட்ட பழைய கார்புரேட்டரில் அவ்வெரிபொருளை ஊற்றினால், டர்போசார்ஜர் எதுவும் இல்லாமலேயே கலவை 7 முதல் 8 விழுக்காடு மெலிந்துவிடும்.

மிகையழுத்தம் கூடும் அதே வீதத்தில் காற்றின் எடை கூடுவதில்லை. காற்றை அமுக்கும்போது அது வெப்பமடைகிறது. வெப்பமடைந்த காற்றின் அடர்த்தி குறைவு. எடுத்துக்காட்டாக, 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை 0.5 பார் மிகையழுத்தத்திற்கு 65 விழுக்காடு செயல்திறன் கொண்ட அமுக்கி அமுக்கினால், அக்காற்று ஏறத்தாழ 87 பாகைக்கு வெப்பமடையும். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆகியும் அடர்த்தி 1.26 மடங்கே ஆகிறது. இடையில் இன்டர்கூலர் எனும் குளிர்விப்பானை வைத்து வெப்பநிலையை 47 பாகைக்குக் குறைத்தால் அடர்த்தி 1.42 மடங்காகும். ஆகவே ஒரே மிகையழுத்தத்தில் இயங்கும் இரு எஞ்சின்களுக்கு வேறு வேறு அளவு எரிபொருள் தேவைப்படலாம். பின்னாளில் இன்டர்கூலர் சேர்ப்பவர் எரிபொருள் அளவையும் மறுபடி சரிசெய்ய வேண்டும் என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தியாகும்.

மெலிந்த கலவையின் விளைவு

தீப்பொறிச் செருகியிலிருந்து புறப்படும் சுடர் உருளைக்குள் பரவும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை அமுக்கப்பட்டு வெப்பமடைகிறது. அவ்வெப்பம் எல்லை கடந்தால், சுடர் வந்து சேரும் முன்பே அக்கலவை தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். இது நாக்கிங் அல்லது தட்டல் எனப்படும். இதனால் எழும் அழுத்த அலைகள் பிஸ்டனின் உலோகப் பரப்பை ஒட்டிக் காப்பாக நிற்கும் மெல்லிய வளிமப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன. வெப்பம் நேரடியாக உலோகத்தில் பாய்கிறது. பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் உடைதல், பிஸ்டனின் விளிம்பு உருகுதல், நடுவே துளை விழுதல் ஆகியன இதன் விளைவுகளாகும். வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் எஞ்சின் சிறிது தட்டலை நெடுங்காலம் தாங்கக்கூடும். மிகையழுத்தத்தில் சில நொடிகளிலேயே சேதம் நேரலாம்.

செறிந்த கலவை இதனைத் தடுப்பது இருவகையில். எரிபொருள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. மிகையாக உள்ள எரிபொருள் எரிதலின் உச்ச வெப்பநிலையையும் குறைக்கிறது. அதாவது மிகையழுத்தத்தில் பெட்ரோலின் ஒரு பகுதி எரிபொருளாக அல்லாமல் குளிர்விப்பானாகவே பயன்படுகிறது. எனினும் செறிவு அளவு மீறினாலும் தீங்குண்டு. தீப்பற்றல் தவறும், உருளைச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு வளையங்கள் தேயும், பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதன் பசைத்தன்மையைக் குறைக்கும்.

எரிபொருளை மட்டும் கூட்டிவிட்டால் தட்டல் நின்றுவிடும் என்று கொள்ளலாகாது. அமுக்க விகிதத்தைக் குறைப்பதும், மிகையழுத்தத்தில் தீப்பற்றல் நேரத்தைப் பின்தள்ளுவதும் இதனோடு சேர்ந்தே செய்யப்படுபவை. 1973 ஆம் ஆண்டில் வெளிவந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் அமுக்க விகிதம் 6.9 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. 1970களின் பிற்பகுதியில் வெளிவந்த சாப் 99 டர்போவில் அது 7.2 ஆக இருந்தது.

முதல் முயற்சிகள்

பயணிகள் கார்களில் டர்போசார்ஜர் முதன்முதலில் 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்சின் இரு பிரிவுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதனை வெளியிட்டன. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரில் 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சினும், செவ்ரொலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் காரில் காற்றால் குளிரும் ஆறு உருளை எஞ்சினும் இருந்தன. இரண்டுமே முன்னரே உற்பத்தியில் இருந்த எஞ்சின்கள். டர்போசார்ஜர் பின்னரே சேர்க்கப்பட்டது.

தட்டலைத் தவிர்க்க இரு பிரிவுகளும் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தன. கோர்வேரில் அமுக்க விகிதம் 8 ஆகக் குறைக்கப்பட்டது. ஓல்ட்ஸ்மொபைல் 10.25 என்னும் உயர்ந்த விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மிகையழுத்தம் எழும்போது காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் ஒன்றை உள்ளே தெளித்தது. டர்போ ராக்கெட் ஃபுளூயிட் என்பது அதன் வணிகப் பெயர். அந்நீர்மம் தீர்ந்துபோனால் மிகையழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் காப்பு அமைப்பும் இருந்தது. பொறியியல் நோக்கில் இது சீரிய தீர்வு. ஆனால் தொட்டியை அவ்வப்போது நிரப்பும் பொறுப்பு ஓட்டுநரிடம் விடப்பட்டது. பலர் நிரப்பவில்லை. 1963 ஆம் ஆண்டோடு அக்கார் நிறுத்தப்பட்டது. பின்னர் பல கார்களில் டர்போசார்ஜர் கழற்றப்பட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தப்பட்டது.

கார்புரேட்டர் உள்ள எஞ்சின்கள்

கார்புரேட்டரை அமுக்கிக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பதே இங்கு முதல் முடிவாகும்.

முன்னால் வைக்கும் முறையில், அமுக்கி கார்புரேட்டரின் வழியே கலவையை உறிஞ்சுகிறது. மேற்குறித்த 1962 ஆம் ஆண்டுக் கார்கள் இரண்டும் இவ்வகையினவே. கார்புரேட்டர் எப்போதும் வளிமண்டல அழுத்தத்திலேயே இருப்பதால் அதன் அளவிடும் இயல்பு மாறுவதில்லை; கூடுதல் காற்று சென்றால் கூடுதல் பெட்ரோலும் செல்லும். பழைய பம்பே போதுமானதாக இருக்கும். குறைகள் வேறு இடத்தில் உள்ளன. ஈரமான கலவை அமுக்கியினூடாக நெடுந்தொலைவு செல்லவேண்டியுள்ளதால், குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் குழாய்ச் சுவரில் படிகிறது. திராட்டிலை மிதித்தால் எஞ்சின் தாமதித்தே விடையளிக்கிறது. திராட்டில் மூடியிருக்கும்போது அமுக்கிக்குள் வெற்றிடம் உண்டாவதால் தாங்கியிலிருந்து எண்ணெய் உறிஞ்சப்படும். இதைத் தடுக்கக் கார்பன் அடைப்பு கொண்ட டர்போசார்ஜர் வேண்டும். இன்டர்கூலரும் பயன்படாது. அதன் குளிர்ந்த பரப்பில் பெட்ரோல் மீண்டும் நீர்மமாகத் தேங்கும். மேலும் எஞ்சின் பின்னெரிந்தால், எரியக்கூடிய கலவை நிறைந்த பெரிய கலம் ஒன்று வாகனத்தின் முன்பகுதியில் இருக்கும்.

பின்னால் வைக்கும் முறையில், அமுக்கியிலிருந்து வரும் அழுத்தக் காற்று கார்புரேட்டரினூடாக ஊதப்படுகிறது. 1980 ஆம் ஆண்டின் லோட்டஸ் எஸ்பிரி டர்போ, 1981 ஆம் ஆண்டின் மசெராட்டி பைடர்போ, 1985 ஆம் ஆண்டின் ரெனோ 5 ஜிடி டர்போ ஆகியன இம்முறையைப் பின்பற்றின. இங்கு இன்டர்கூலர் பயன்படுத்தலாம்; திராட்டில் எஞ்சினுக்கு அருகிலேயே இருப்பதால் விடையும் விரைவானது. ஆனால் எரிபொருள் வழங்கல் முற்றிலும் மாற வேண்டும்.

மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் வென்ச்சுரிக்குள் செல்வது அவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள சிறிய அழுத்த வேறுபாட்டால்தான். வென்ச்சுரியில் 0.5 பார் மிகையழுத்தம் இருக்கக் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால், பெட்ரோல் உள்ளே வராது. காற்றே ஜெட் வழியாகக் கிண்ணத்திற்குள் புகும். ஆகவே கிண்ணத்திற்கும் அதே மிகையழுத்தம் தரப்படவேண்டும். இப்போது பம்ப் அந்த அழுத்தத்தை எதிர்த்துப் பெட்ரோலை உள்ளே தள்ளவேண்டும். வழக்கமாக 0.3 பார் போதுமான இடத்தில், 0.5 பார் மிகையழுத்தத்தின்போது 0.8 பார் தேவை. மிகையழுத்தத்திற்கு ஏற்பத் தானும் உயரும் அழுத்தச் சீராக்கி ஒன்றை மின்பம்போடு பொருத்துவது வழக்கமான தீர்வாகும். எஞ்சினால் இயங்கும் பழைய இயந்திரப் பம்பாயின், அதன் இடைத்திரையின் காற்றுப்பக்கத்தை மூடி அங்கு மிகையழுத்தக் குழாயை இணைப்பதும் உண்டு. உள்ளீடற்ற பித்தளை மிதவை அழுத்தத்தில் நசுங்கலாம் என்பதால் திண்மையான மிதவை இடப்படும். திராட்டில் தண்டின் இரு முனைகளிலும் பெட்ரோல் கலந்த காற்று வெளியே கசியாதபடி அடைப்புகள் வேண்டும்.

இவை அனைத்தும் செய்த பின்னும் ஓர் இயற்பியல் சிக்கல் எஞ்சுகிறது. வென்ச்சுரியில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி, காற்றின் அடர்த்தியையும் அதன் வேகத்தின் இருமடியையும் சார்ந்தது. காற்றின் அடர்த்தி 1.42 மடங்காகும்போது, அதே வேகத்தில் காற்றின் எடையும் 1.42 மடங்காகிறது, ஆனால் ஜெட் வழியே வரும் பெட்ரோல் அழுத்த வீழ்ச்சியின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே, அதாவது 1.19 மடங்கே கூடுகிறது. ஆகவே கலவை தானாகவே ஏறத்தாழ 16 விழுக்காடு மெலிகிறது. மலையேறும் வாகனத்தில் காற்றின் அடர்த்தி குறையும்போது கார்புரேட்டர் கலவை செறிந்துபோவதற்கும் இதே காரணம். இங்கு அது தலைகீழாக நிகழ்கிறது. பெரிய ஜெட் இட்டு இதனை ஈடுசெய்தால் மிகையழுத்தம் இல்லாத சாதாரண ஓட்டத்தில் கலவை அளவுக்கு மீறிச் செறிந்திருக்கும். எனவே மிகையழுத்தத்தில் மட்டும் திறக்கும் தனிச் செறிவூட்டு வழி ஒன்று தேவைப்படுகிறது.

ரெனோ 5 ஜிடி டர்போ இவ்வகை மாற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 1.4 லிட்டர் எஞ்சின் 1962 ஆம் ஆண்டில் அறிமுகமான எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. டர்போசார்ஜரும் சோலெக்ஸ் கார்புரேட்டரும் கொண்டு அது 115 குதிரைத்திறன் தந்தது. டர்போசார்ஜரும் கார்புரேட்டரும் நெருங்கியிருந்தமையால், சூடான எஞ்சினை நிறுத்தியபின் கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் ஆவியாகி, மறுபடி கிளப்புவது கடினமாயிற்று. எஞ்சின் நின்றபின்னும் கார்புரேட்டரைக் குளிர்விக்க ஒரு விசிறி ஓடியது.

இயந்திர உட்செலுத்தல்

மின்னணுக் கணினிகள் பரவும் முன் இருந்த உட்செலுத்தல் அமைப்புகளுள், போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் டர்போசார்ஜருக்கு ஓரளவு இணக்கமானது. உட்செல்லும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தள்ளுகிறது. தட்டோடு இணைந்த நெம்புகோல் எரிபொருள் பகிர்வியின் தண்டை உயர்த்துகிறது. இன்ஜெக்டர்கள் இடைவிடாமல் தெளிக்கின்றன. காற்று நேரடியாக அளக்கப்படுவதால், டர்போசார்ஜர் கூடுதல் காற்றை இழுத்தால் எரிபொருளும் உடன் கூடுகிறது. 1975 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவும் சாப் 99 டர்போவும் இதனையே பயன்படுத்தின. சாப் நிறுவனம் ஏற்கெனவே தன்னிடமிருந்த 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 145 குதிரைத்திறனைப் பெற்றது. தட்டு தன் நகர்ச்சியின் எல்லையை அடையும்வரையில்தான் இவ்வமைப்பு துணைபுரியும். அதற்குமேல் எவ்வளவு காற்று வந்தாலும் எரிபொருள் கூடாது.

குகல்ஃபிஷர் வகைப் பம்பு இதற்கு நேர்மாறானது. அதனுள் முப்பரிமாணக் கூம்பு ஒன்று திராட்டில் கோணத்தையும் எஞ்சின் வேகத்தையும் கொண்டு எரிபொருளை முடிவு செய்கிறது. திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது 4,000 சுற்றில் மிகையழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை அக்கூம்பால் அறிய இயலாது. அளவிடல் எதனைச் சார்ந்தது என்ற கேள்வி ஏன் முதன்மையானது என்பதை இவ்விரு அமைப்புகளின் ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது.

மின்னணு உட்செலுத்தல்

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த கார்கள் பலவற்றில், காற்று கதவு போன்ற ஒரு மடிப்பைத் திறந்துகொண்டு செல்லும். அம்மடிப்பின் கோணத்தைக் கொண்டு கணினி காற்றின் அளவை அறியும். 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 இத்தகையது. டர்போசார்ஜர் பின்சேர்க்கைக்கு உலகெங்கும் மிகுதியாக ஆளாகிய கார்களுள் அதுவும் ஒன்று. மடிப்பு முழுதும் திறந்துவிட்டால் அதற்குமேல் வரும் காற்றைக் கணினி காணாது. மேனிபோல்டு எனப்படும் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரி கொண்ட கார்களிலும் நிலைமை ஒன்றே. வளிமண்டல அழுத்தம் வரை அளக்க அமைந்த உணரி, மிகையழுத்தத்தில் ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிடுவது கடினமன்று. 1.6 லிட்டர் நான்கு உருளை எஞ்சின் ஒன்று டர்போசார்ஜர் இல்லாமல் 115 குதிரைத்திறன் தருவதாகவும், நிமிடத்திற்கு 200 கன சென்டிமீட்டர் அளவுள்ள இன்ஜெக்டர்களைக் கொண்டிருப்பதாகவும் கொள்வோம். மேற்கூறிய 0.5 பார் மிகையழுத்தத்தில், இன்டர்கூலருடன், அது ஏறத்தாழ 160 குதிரைத்திறன், அதாவது 119 கிலோவாட், தரக்கூடும். டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் எஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறத்தாழ 365 கிராம் பெட்ரோல் உட்கொள்ளும் எனக் கொண்டால், மணிக்கு 43 கிலோகிராமுக்குச் சற்று மேல் தேவை. இது நிமிடத்திற்கு 980 கன சென்டிமீட்டர். ஒரு இன்ஜெக்டருக்கு 245. இன்ஜெக்டர் ஓய்வின்றித் திறந்திருக்கக்கூடாது. 6,500 சுற்று வேகத்தில் ஓர் எரிதல் சுழற்சிக்குக் கிடைக்கும் மொத்த நேரம் 18.5 மில்லிநொடி, அதில் 85 விழுக்காட்டிற்குமேல் திறந்திருப்பது நல்லதன்று. ஆகவே தேவையான இன்ஜெக்டரின் அளவு 245 ஐ 0.85 ஆல் வகுக்கக் கிடைக்கும் 288. இருப்பதோ 200.

இப்பற்றாக்குறையை நிரப்பப் பழைய இன்ஜெக்டர்களையே வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டுவது ஒரு வழி. தொழிற்சாலையில் பொருத்தப்படும் சீராக்கி வழக்கமாக மேனிபோல்டு அழுத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் உயர்ந்து தாழும். இன்ஜெக்டரின் இரு புறமும் உள்ள வேறுபாடு எப்போதும் 3 பார் என்றே நிற்கும். அந்த இணைப்புக் குழாய் இல்லாத அமைப்பில், 0.5 பார் மிகையழுத்தம் எழும்போது வேறுபாடு 2.5 பாராகக் குறைந்து, எரிபொருள் மிகுதியாக வேண்டிய வேளையில் 9 விழுக்காடு குறைந்துவிடும். பின்சேர்க்கைகளில் பெயர்பெற்ற ஏறுவீதச் சீராக்கி, மிகையழுத்தம் ஒரு பங்கு உயர்ந்தால் எரிபொருள் அழுத்தத்தைப் பல பங்கு உயர்த்தும்.

இவ்வழியின் எல்லையை வகுப்பது வர்க்கமூல விதியாகும். இன்ஜெக்டர் வழியே செல்லும் ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமானது. ஓட்டம் இருமடங்காக அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓட்டம் 1.44 மடங்கு வேண்டும். எனவே வேறுபாடு 3 பாரிலிருந்து 6.2 பாராகவும், மிகையழுத்தத்தையும் சேர்த்துக் குழாயில் 6.7 பாராகவும் உயர வேண்டும். பழைய பம்புகள் அவ்வழுத்தத்தில் மிகக் குறைந்த அளவே தள்ளும். பழைய இன்ஜெக்டர்களின் மின்காந்தம் அவ்வழுத்தத்தை எதிர்த்து ஊசியைத் தூக்க முடியாமல் போகலாம். மேலும் சீராக்கி அறிவது மிகையழுத்தத்தை மட்டுமே. எஞ்சின் வேகத்தையும் காற்றின் வெப்பநிலையையும் அது அறியாது. 0.3 பார் அளவிலான சிறு மிகையழுத்தத்திற்கு எளிமையும் மலிவும் கருதி இதனை ஏற்கலாம். அதற்குமேல் இதனை நம்புவது பொறியியல் ஆகாது.

பெரிய இன்ஜெக்டர்களை இடுவது மற்றொரு வழி. 200க்குப் பதிலாக 300 இட்டால், கணினி அதே நேர அளவுக்குத் திறந்துவைப்பதால், எல்லா நிலைகளிலும் ஒன்றரை மடங்கு பெட்ரோல் பாயும். ஆக்சிசன் உணரியின் உதவியால் கணினி செய்யும் திருத்தம் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஈடுசெய்யாது. காற்றளவியின் குறிகையைக் குறைத்துக் காட்டி இதனைச் சரிசெய்யும் இடைச்செருகல் கருவிகள் உண்டு. அவற்றில் மறைவான ஓர் ஆபத்து இருக்கிறது. பல கணினிகள் அதே குறிகையைக் கொண்டே தீப்பற்றல் நேரத்தையும் முடிவு செய்கின்றன. காற்று குறைவு எனக் காட்டப்பட்டால், எஞ்சினின் சுமை குறைவு எனக் கணினி கருதித் தீப்பற்றலை முன்தள்ளும். மிகையழுத்தத்தில் வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

கணினியை மாற்றுதல்

இவற்றுக்கெல்லாம் நேரான தீர்வு, மிகையழுத்தத்தை அளக்கத்தக்க உணரியுடன் கூடிய தனிக் கணினியைப் பொருத்துவதாகும். அது மேனிபோல்டு அழுத்தம், காற்றின் வெப்பநிலை, எஞ்சின் வேகம் ஆகிய மூன்றிலிருந்து காற்றின் எடையைக் கணித்து, அட்டவணை ஒன்றின்படி எரிபொருளையும் தீப்பற்றல் நேரத்தையும் தருகிறது. நெடுங்காலம் இவை போட்டிக் கார்களுக்கே உரியனவாக இருந்தன. 2001 ஆம் ஆண்டில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் என்னும் தாமே இணைத்துக்கொள்ளும் கணினி, குறைந்த செலவில் இவ்வசதியைப் பொதுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. கார்புரேட்டர் எஞ்சின்களையும் உட்செலுத்தலுக்கு மாற்றுவது இதனால் எளிதாயிற்று. ஆனால் கணினி தன்னிடம் உள்ள அட்டவணையின்படியே நடக்கும். அதில் தவறான எண்களை இட்டால் எஞ்சினைக் காக்காது.

பம்பும் குழாய்களும்

பம்பின் மேல் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் தடையற்ற ஓட்டத்திற்கு உரியது. அழுத்தம் கூடக் கூடப் பம்பு தள்ளும் அளவு குறையும். ஆகவே உச்ச அழுத்தத்தில் அது தரும் அளவையே நோக்க வேண்டும். பழைய வாகனங்களின் மெல்லிய, துருவேறிய கம்பிகளால் பம்பிற்கு வந்துசேரும் மின்னழுத்தம் குறைந்து, புதிய பம்பும் பழையதைப்போலவே இயங்குவதுண்டு. பேட்டரியிலிருந்து தனிக் கம்பியும் ரிலேயும் இடுவது இதற்கான எளிய மருந்து. கார்புரேட்டருக்கென அமைந்த ரப்பர் குழாய்கள் உட்செலுத்தல் அழுத்தத்தைத் தாங்கா. சுழலியின் உறை செந்நிறமாகும் அளவுக்குச் சூடேறும் என்பதால் பெட்ரோல் குழாய்களை அதனருகே கொண்டுசெல்வது தீவிபத்திற்கு வழியாகும். கார்புரேட்டர் வாகனங்களின் தொட்டிகளில் உட்தடுப்புகள் போதாமையால், வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை இழுக்கும். மிகையழுத்தத்தில் அந்த ஒரு நொடியே சேதம் விளைவிக்கக்கூடும்.

சரிபார்த்தல்

பழைய கார்களில் உள்ள சாதாரண ஆக்சிசன் உணரி 14.7 என்னும் விகிதத்திற்கு அருகில் மட்டுமே நம்பத்தக்கது. கலவை 11 ஆ 13 ஆ என்பதை அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. இப்பணிக்கு விரிபட்டை ஆக்சிசன் உணரி தேவை. அதனோடு எரிபொருள் அழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது பழுதின் இடத்தை அறிய உதவும். மிகையழுத்தம் உயரும்போது எரிபொருள் அழுத்தமும் உயர்ந்து, பின் உச்ச வேகத்தில் தளர்ந்தால் குறை பம்பிலோ வடிகட்டியிலோ உள்ளது. அழுத்தம் நிலையாக நிற்கக் கலவை மட்டும் மெலிந்தால் இன்ஜெக்டர்கள் எல்லையை எட்டிவிட்டன என்பது பொருள். பெட்ரோல் நிறைந்த அழுத்தமானிக் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருதல் கூடாது, மின்னுணரியே பாதுகாப்பானது.

வேஸ்ட்கேட் எனப்படும் கழிவு வளிம விடுவிப்பியின் மிகக் குறைந்த அமைப்பில், கலவையைச் செறிவாகவும் தீப்பற்றலைப் பின்தள்ளியும் தொடங்கி, சிறிது சிறிதாக மிகையழுத்தத்தை உயர்த்துவதே ஏற்ற முறையாகும். எதிர்பாராமல் மிகையழுத்தம் எல்லை மீறினால் எரிபொருளை முற்றிலும் நிறுத்தும் காப்பும் அமைக்கப்படும். இங்கு பாதி நிறுத்துவது தீங்கானது, ஏனெனில் அது மெலிந்த கலவையையே உண்டாக்கும்.

சட்டநிலை

இம்மாற்றங்கள் வாகனத்தின் மாசு வெளியீட்டை மாற்றுவதால் பல நாடுகளில் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பின்சேர்க்கைப் பாகங்களுக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை தேவை. இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

டீசல் எஞ்சின்கள்

மேற்கூறியவை டீசல் எஞ்சினுக்குப் பொருந்தா. டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் தேவைக்கு மேற்பட்டே உள்ளது. எரிபொருளின் அளவே திறனை முடிவு செய்கிறது. டர்போசார்ஜர் சேர்த்து எரிபொருளைக் கூட்டாவிட்டால், கலவை மெலிந்து எஞ்சின் முன்னைவிடக் குளிர்ந்தே ஓடும்; திறன் பெரிதாகக் கூடாது. மாறாக, மிகையழுத்தம் எழும் முன்பே எரிபொருள் மிகுந்தால் கரும்புகையும், கழிவு வளிமத்தின் வெப்பநிலை உயர்ந்து பிஸ்டனும் சுழலியும் கெடுதலும் நேரும். இதனால் இயந்திர உட்செலுத்தல் பம்பின் மேல் மிகையழுத்தத்தால் நகரும் இடைத்திரை ஒன்று அமைக்கப்பட்டு, அழுத்தம் வந்தபின்னரே முழு அளவு எரிபொருள் விடப்படுகிறது.